இலேசான துவக்கும் வராத கடவுச்சீட்டும்

ஓகஸ்ட் 4
தானே தோட்டா ஏற்றும் பெனெல்லி அல்ட்ரா லைட் துவக்கை வாங்கலாமா என்று தம்பி கனடாவிலிருந்து மறுபடியும் கேட்கிறான். குழலளவு 12 போர், எடை 2.8 கிலோவுக்கும் குறைவு. கடையில் தூக்கிப் பார்த்ததுமே மனம் போய்விட்டதாம். கடையில் எந்த இலேசான துவக்கும் நல்லதாகத்தான் இருக்கும்.

ஓகஸ்ட் 5
விசாவுக்குக் கொடுத்த கடவுச்சீட்டு வரவில்லை.

ஓகஸ்ட் 7
நித்திரை வராமல் எடைக் கணக்கிலேயே கிடந்தேன். தோட்டாவிலுள்ள சன்னத்தின் எடையைப்போல் 96 மடங்கு துவக்கின் எடை இருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயத் துவக்குத் தொழிலாளரின் பழைய கணக்கு. 28 கிராம் சன்னத்துக்கு 2.7 கிலோ போதும். ஆகவே கிரவுஸ் என்ற காட்டுப்பறவையைத் தேடிப் பற்றைகளுக்குள் பகல் முழுவதும் நடப்பவனுக்கு இது பொருத்தமானதே. அவனோ இதனாலேயே வாத்தும் சுட வேண்டும் என்கிறான். அங்கே நீர்ப்பறவைகளுக்கு ஈயச் சன்னம் 1999 முதல் நாடு முழுவதும் தடை. அதற்குப் பதிலான உருக்குச் சன்னம் ஈயத்தைவிட இலேசு என்பதால், பருத்த சன்னமும் கூடிய வேகமும் தேவைப்படுகின்றன. 36 கிராம் ஏற்றினால் அதே கணக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோவைக் கேட்கும். துவக்கில் இல்லாத அந்த அறுநூறு, எழுநூறு கிராமுக்கும் சேர்த்துத் தோள்மூட்டுத்தான் உதை வாங்கும்.

ஓகஸ்ட் 8
தும்புத்தடியில் தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டி, அதே எடைக்குக் கொண்டுவந்து, மாடிப்படிகளில் ஏறி இறங்கினேன். கை நோகவில்லை, தூக்கியதும் தோளுக்கு வந்துவிடுகிறது. ஆனால் பறவையைத் தொடர்ந்து வீசும்போது, கை சற்றுத் தயங்கினாலும் இலேசான குழல் உடனே நின்றுவிடும். கனத்த குழல் தன் போக்கில் இன்னும் கொஞ்சம் போகும். “இஞ்சாருங்கோ, விசா வரேல்லை எண்டு இப்பிடியோ?” என்றாள் மனைவி.

ஓகஸ்ட் 11
தானே ஏற்றும் துவக்கு உதைக்காது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பெரெட்டா ஏ400 என்ற துவக்கு குழலிலிருந்து வாயுவை எடுத்துப் பிஸ்டனைத் தள்ளுவதால் உதை சற்று நீண்டு மென்மையாகிறது. கரியைத் துடைக்கும் வேலைதான் மிச்சம். பெனெல்லியில் துவக்கு பின்னால் உதைக்க, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் பூட்டின் கனத்த பகுதி சடத்துவத்தால் நின்ற இடத்திலேயே நிற்க, இடையிலுள்ள சுருள்வில் அமுங்கி, விரியும்போது பூட்டைத் திறக்கிறது. உறுப்புகள் குறைவு, கரியும் குறைவு. ஆனால் அது இயங்குவதே உதையால்தான்.

ஓகஸ்ட் 12
இன்றும் வரவில்லை. பம்பலப்பிட்டி வரை நடந்து திரும்பினேன்.

ஓகஸ்ட் 14
எழுதி அனுப்பிவிட்டேன்: கிரவுஸுக்கு என்றால் வாங்கு, 28 கிராமுக்கு மேல் ஏற்றாதே, வாத்துக்குக் கையிலிருக்கும் பழையதை விற்காமல் வைத்திரு.

போன கிழமையே விற்றுவிட்டானாம்.

ஓகஸ்ட் 15
விற்றதன் எடையைக் கேட்டேன். 3.4 கிலோவாம்.