எக்ஸ்டென்ஷன் பேக் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

நேத்து ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் "அண்ணே, விர்ச்சுவல்பாக்ஸ் ஃப்ரீதானே, எக்ஸ்டென்ஷன் பேக்கையும் சேத்து போட்டுடவா"ன்னு கேட்டான், நான் டீயை அப்படியே வச்சுட்டு ஓடிப்போய் நிறுத்தினேன் 😅

விர்ச்சுவல்பாக்ஸ்னா நம்ம கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்ட வைக்கிற சாஃப்ட்வேர், எக்ஸ்டென்ஷன் பேக் அதுக்கு கூடுதல் வசதி சேர்க்குற தனி பேக். மெயின் சாஃப்ட்வேர் ஜிபிஎல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல வருது, ஆபீஸ்ல தாராளமா போடலாம். உள்ள ஓடுற கம்ப்யூட்டர்ல போடுற கெஸ்ட் அடிஷன்ஸ்ங்கிற துணை சாஃப்ட்வேரும் பிரச்சினை இல்ல. ஆனா அந்த எக்ஸ்டென்ஷன் பேக் இருக்கே, அதுக்கு தனி லைசென்ஸ், பியூஇஎல்னு பேரு, சொந்த உபயோகம், படிப்பு, சோதிச்சுப் பாக்குறது இதுக்குத்தான் இலவசம், கம்பெனி வேலைக்குன்னா விர்ச்சுவல்பாக்ஸோட சொந்தக்காரங்களான ஆரக்கிள்கிட்ட காசு கட்டணும். ரெண்டுக்கும் டவுன்லோட் ஒரே பக்கத்துல இருக்கறதால யாருக்கும் வித்தியாசமே தெரியறதில்ல, "ஐ அக்ரீ"ய யாரு படிக்கிறா!

இன்னொண்ணு, காசு கட்டாம போட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைக்காதீங்க, எந்த சர்வர்ல இருந்து எதை இறக்கினாலும் நம்ம ஐபி அட்ரஸ் அங்க பதிவாகும், ஆபீஸ் நெட்டுன்னா அது எந்த கம்பெனின்னு கண்டுபிடிக்கிறது பெரிய வேலையே இல்ல.

அந்தப் பேக்ல இருந்து அவனுக்கு வேண்டியது யுஎஸ்பி 3 சப்போர்ட் மட்டும்தான். அது 2022ல வந்த 7.0 வெர்ஷன்லயே மெயின் பேக்கேஜுக்குள்ள வந்துடுச்சு! இன்னமும் பழைய யூடியூப் வீடியோவைப் பாத்து பேக்கைப் போடுறாங்க.

அப்புறம் பாத்தா க்ளிப்போர்ட் ஷேரிங்க, அதாவது வெளிய காப்பி பண்றத உள்ளயும் உள்ள காப்பி பண்றத வெளியவும் பேஸ்ட் பண்ற வசதிய, ரெண்டு பக்கமும் ஆன் பண்ணி வச்சிருக்கான். டேய், நீ இங்க காப்பி பண்ற பாஸ்வேர்ட உள்ள ஓடுற புரோகிராமும் படிக்கும்டா, அதுவும் நீ அதுல டெஸ்ட் பண்றதே எங்கிருந்தோ வந்த சந்தேக ஃபைலு...

ஆஃப் பண்ண வச்சுட்டு வந்து பாத்தா டீ ஆறிப்போச்சு.