கரும்பலகையை வாயால் சொல்லுங்கள்

பார்வையற்ற மாணவர் ஒருவர் வகுப்பில் சேர்ந்ததும் பள்ளியில் முதலில் எழும் கேள்வி, பிரெய்ல் புத்தகம் வந்துவிட்டதா என்பதுதான். புத்தகம் கட்டாயம் வேண்டும். ஆனால் அவருக்குப் பாடம் தவறிப்போவது பெரும்பாலும் ஆசிரியரின் பேச்சில்தான். "இதை இங்கே கொண்டுவந்து அதிலிருந்து கழிச்சா இவ்வளவு வரும்." பலகையைப் பார்ப்பவர்களுக்கு இது புரியும். அவருக்கோ இதில் ஓர் எண்கூட இல்லை.

எழுத எழுதச் சொல்ல வேண்டும், அதுவும் ஐயமில்லாமல். "எக்ஸ் கூட்டல் ஒன்று பை இரண்டு" என்றால் எக்ஸோடு அரையைக் கூட்டுவதா, இரண்டையும் கூட்டிய பிறகு பாதியாக்குவதா? "பின்னம் ஆரம்பம், மேலே எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே இரண்டு, பின்னம் முடிந்தது" என்று சொன்னால் சந்தேகமே வராது. இந்தப் பழக்கம் தேர்விலும் கைகொடுக்கும். அங்கே சொல்வதை எழுதுபவருக்கு மாணவரே இதே போலச் சொல்லியாக வேண்டும். மத்திய அரசு வழிகாட்டுதலின்படி அவருக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. எழுதுபவரும் அவரும் முன்பே சேர்ந்து பயிற்சி செய்யாவிட்டால் அந்த நேரம் திருத்துவதிலேயே கரைந்துவிடும்.

சொல்லும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். தாளைச் செருகி ஊசியால் புள்ளி குத்தும் சட்டமான பிரெய்ல் சிலேட்டில் வலமிருந்து இடமாகக் குத்துகிறார்கள். புள்ளி மறுபக்கம்தான் எழும்பும். எழுதியதைப் படிக்கத் தாளைக் கழற்றித் திருப்ப வேண்டும். "போன வரியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போனால் அவர் பின்தங்கிவிடுவார். பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெய்ல் தட்டச்சுப் பொறியில் அடித்த வரியை அப்போதே தடவிப் படிக்கலாம். அதன் சத்தம் மேசை வழியாகப் பரவும்; அடியில் தடித்த துணி விரித்தால் குறையும்.

படம்தான் பெரிய வேலை. அட்டையில் ஃபெவிகாலால் நூலை ஒட்டி ஓர் இரவு காயவிட்டால் நல்ல கோடு கிடைக்கும். பெரும்பாலும் தவறு நடப்பது, புத்தகப் படத்தை அப்படியே பெயர்ப்பதில். பிரெய்ல் புள்ளிகளுக்கிடையே சுமார் 2.5 மி.மீ. இருக்கிறது, இரண்டு கோடுகள் அதைவிட நெருங்கினால் விரலுக்கு ஒன்றாகிவிடும். அரை சென்டிமீட்டராவது விடுங்கள். இதயத்தின் படமென்றால் அறைகள் ஓர் அட்டையில், ரத்தக்குழாய்கள் இன்னொன்றில். ரப்பர் விரிப்பில் தாளை வைத்துப் பின்பக்கமிருந்து அழுத்தி வரைவதானால் படத்தை முதலில் இடவலமாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இடது அறை வலதாகிவிடும்.

குறைபார்வை உள்ளவர்களை முன் பெஞ்சில் உட்கார வைத்தால் போதும் என்ற நம்பிக்கை எனக்குச் சரியாகப் படவில்லை. விழித்திரை நிறமி நோயில் பார்வைப் பரப்பு குழாய்போல் சுருங்கும்; பலகைக்கு மிக அருகில் இருந்தால் ஒரு மூலைதான் தெரியும், சற்றுத் தள்ளி அமர்ந்தால் கூடுதலாகத் தெரியும். தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமிக் குறைபாடு (ஆல்பினிசம்) உள்ளவருக்கு வெளிச்சம் கூசும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, தொப்பி அணிய அனுமதியுங்கள். கண் ஆடும் பிள்ளை தலையைச் சாய்ப்பது, ஆட்டம் குறையும் கோணத்தைத் தேடித்தான். "நேரா பாரு" என்று அதட்டாதீர்கள்.

குறிப்புகளை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை, கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே வாசிக்கும். நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அதற்குப் படம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.