பின்பக்க இடது ரயர்

முதலில் ஆணியைத்தான் சந்தேகப்பட்டோம். பக்கத்து வளவில் வீடு கட்டத் தொடங்கி மூன்று மாதம். ஒழுங்கை முழுக்கச் சல்லி, கம்பித்துண்டு, பலகை கழற்றிய ஆணி. வெறுங்காலோடு நடந்தால் தடுப்பூசி போட வேண்டிய நிலைமை. ஆகவே போன கிழமைக்கு முதல் கிழமை, தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக இருந்த என்னிடம் மாமா வந்து, செத்த வீட்டுச் செய்தி சொல்லும் குரலில், "மகன், பின் இடதுல 28தான் நிக்குது" என்றபோது, கொத்தனார்களின் பரம்பரையையே மனதுக்குள் திட்டி முடித்துவிட்டேன். கார் ரயரில் காற்று 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 28.

மாமாவின் 121ஐப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கச்சேரிக் கந்தோரில் பேனை பிடித்து, பென்சன் எடுத்த கையோடு வாங்கிய கொறொல்லா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனத்துக்குத் திறந்து விடும்வரை, அந்த ஐந்து வருடத்தில் எங்கள் கார் கார் என்ற நிலையைத் தாண்டிக் காணி ஆகிவிட்டது. வீட்டுப் படலையில் நின்று "விக்கிற எண்ணம் ஏதும் இருக்கா ஐயா?" என்று கேட்டவர்கள், என் மனைவியைப் பெண் கேட்டு வந்தவர்களைவிட அதிகம். என்னைத் தெரிவு செய்ய எடுத்த நேரத்தைவிடக் கூடுதல் நேரம் யோசித்துத்தான் மாமா அவர்களுக்கு இல்லை என்று சொன்னார்.

அந்தக் காருக்கென்று ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீற்றரில், யார் கையால் ஒயில் மாற்றினது, ஃபில்ரர் என்ன விலை, அன்றைக்கு மழையா வெயிலா, எல்லாம் பதிவு. 121க்கு ஃபில்ரரோடு சேர்த்து 3.7 லீற்றர் ஒயில் போகும். வாங்குவது 4 லீற்றர் கான். மிஞ்சுகிற 300 மில்லியை எந்தக் கராஜும் மாமாவிடமிருந்து தப்ப வைத்ததில்லை. ஹோர்லிக்ஸ் போத்தலில் ஏந்திக்கொண்டு வருவார். எங்கள் கேற்றுக் கீலும் கிணற்றுக் கப்பியும் இந்த ஊரிலேயே சத்தம் போடாதவை என்றால் காரணம் அதுதான். பத்தாயிரத்துக்கு ஒருமுறை முன் ரயரைப் பின்னுக்கும் பின் ரயரை முன்னுக்கும் மாற்றுவதற்கு, கொப்பியில் நாலு வட்டம் கீறி அம்புக்குறி போட்டிருப்பார். மகள் சின்னதாக இருக்கும்போது அதை எல்லே விளையாட்டுக்கான திட்டம் என்று நினைத்தாள்.

2022இல் பெற்றோல் இல்லாமல் கார் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்ததே, அப்போது கூட ரயருக்கு லீவு இல்லை. ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றால் அடிப்பக்கம் சப்பையாகிவிடுமாம். கிழமைக்கு ஒருமுறை என்னையும் மச்சானையும் கூப்பிட்டு, சில்லு அரை வட்டம் சுற்றுமளவுக்குத் தள்ள வைப்பார். முன்னுக்கு அரை வட்டம், அடுத்த கிழமை பின்னுக்கு அரை வட்டம். பார்த்த சனம், எங்கோ பெற்றோல் வந்துவிட்டது என்று நினைத்துக் கானோடு ஓடி வந்த கதையும் உண்டு.

சரி, 28க்கு வருவோம். காற்றைக் காலையில், கார் ஓட முதல்தான் பார்க்க வேண்டும் என்பது மாமாவின் வேதம். ஓடினால் ரயர் சூடாகும், உள்ளே காற்று விரியும், கணக்கு ஏறிக் காட்டும். ஓடி வந்த காரென்றால் மூன்று மணித்தியாலமாவது ஆறவிட வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் மட்டக்களப்புக் கல்லடி வெயிலில் நின்ற காருக்கு மத்தியானம் காற்றுப் பார்த்தவனை மாமா மனிதராகவே மதிப்பதில்லை. இதில் பிழை சொல்லவும் முடியாது, சரிதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாமா கேஜை வைப்பார், பேத்தி எண்ணை வாசிப்பாள், மாமா கொப்பியில் எழுதுவார். வருடக்கணக்காக நடக்கிற பூசை. இப்போது மகளுக்கு ஓ.எல். கிளாஸ் ஞாயிறும் சேர்த்து வைத்துவிட்டார்கள். அவள் ஆறு மணிக்கே சைக்கிளில் போய்விடுகிறாள்.

முதலாவது கடையில் சில்லைக் கழற்றித் தண்ணித்தொட்டிக்குள் அமுக்கிப் பார்த்தார்கள். ஒரு குமிழி? கிடையாது. சவர்க்காரத் தண்ணி பூசினார்கள். அதுவும் பேசாமல் வழிந்தது. "ரயர்ல ஒண்டுமில்ல சேர்" என்றார் கடைக்கார நானா. காற்று அடித்து, நாலு நட்டையும் பொடியன் வரிசையாக இறுக்கப் போக, "எதிரெதிரா இறுக்கு தம்பி, எதிரெதிரா!" என்று மாமா மேலே நின்று கத்த, அது ஒரு தனி அமளி.

அடுத்த நாள் விடிய 28.

இரண்டாவது கடை, வால்வுதான் என்று அடித்துச் சொன்னது. மாற்றினோம். விடிய 28. மூன்றாவது கடையில் ரிம்மின் விளிம்பைக் காட்டினார்கள். "ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவுல உங்கட வீடு. ரிம் துருப்பிடிக்காம மறுகா என்ன செய்யும்? ரயர் ரிம்மோட ஒட்டுற இடத்தால காத்து கள்ளமாப் போகுது" என்றார்கள். கேட்க விஞ்ஞானமாக இருந்தது. உரஞ்சி, துடைத்து, ஏதோ கறுப்புப் பசை பூசி, அதற்கும் காசு கட்டினோம். விடிய 27. இதற்குள் ஒருவர், சாதாரணக் காத்து அடிக்காதீர்கள், நைட்ரஜன் அடியுங்கள், இறங்காது என்றார். வீட்டில் இதைச் சொன்னேன். சோறு தின்றுகொண்டிருந்த மகள் நிமிராமல், "காத்துலயே 78 வீதம் நைட்ரஜன்தானே அப்பா?" என்றாள். கிளாசுக்குக் கட்டுகிற காசு வீண் போகவில்லை என்ற சந்தோசத்தில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

மாமி, இது ரயர்ப் பிரச்சினையே இல்லை, கண்ணூறு என்றார். விலை கேட்டு வந்தவர்களில் யார் யார் எந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். அதில் ஒருவர் பின்பக்க இடது மூலையில் நின்று வெற்றிலை போட்டவராம். செத்தல் மிளகாய் சுற்றிப்போட்டு, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, அந்த ரயருக்கு மட்டும் திருநீறும் பூசினார். நான் என் பங்குக்கு, ஒழுங்கைப் பொடியன்கள்தான் விடியப்புறம் காற்றுத் திறந்து விடுகிறான்கள் என்று முடிவெடுத்து, கமரா என்ன விலை என்று விசாரித்தேன். போன மாதம் அவன்களின் பந்து வளவுக்குள் விழ, நான் கொடுக்காமல் வைத்திருந்தது உண்மைதானே.

இதில் அவசரம் என்னவென்றால், ஞாயிறு தம்பிலுவிலில் கலியாணம். "காத்து இறங்கிற சில்லோட கல்முனை தாண்ட ஏலா" என்று மாமா சொல்லிவிட்டார். அப்படியென்றால் ஸ்பெயாரைப் போடுவோம் என்றேன். வீடு ஒரு கணம் அமைதியானது.

எங்கள் காரில் இருப்பதிலேயே நல்ல ரயர் ஸ்பெயார்தான். ஓடுகிற நாலின் சுவரில் 3116 என்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டு 31ஆவது கிழமையில் செய்தது என்று அர்த்தம். தேய்மான எல்லையாகப் பள்ளத்துக்குள் குறுக்கே தெரிகிற சின்ன மேட்டைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்பதுதான் அவற்றுக்கு இருக்கிற ஒரே பெருமை. ஸ்பெயாரோ, விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் மாமா எங்கேயோ ஒன்றே ஒன்று தேடிப் பிடித்தது. வயர்த்தும்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முள் ஒன்றுகூட இன்னும் உடையவில்லை. உரப்பையால் சுற்றி டிக்கிக்குள் வைத்திருக்கிறார்.

"ஸ்பெயாரைப் போட்டா ஸ்பெயாருக்கு என்ன செய்யிற?" என்று கேட்டார் மாமா.

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

நேற்று விடியப்புறம் நாலே முக்காலுக்கு நுளம்பு கடித்து எழும்பினேன். வெளியே "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். பாம்பு என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் விட்டு மறுபடி "ஸ்ஸ்". பொடியன்கள்! தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் பூனை மாதிரி இறங்கினேன்.

மாமி தேங்காய் திருவுகிற பலகையைப் போட்டு, குசினி பல்பின் வெளிச்சம் விழுகிற இடத்தில் மாமா குந்தியிருந்தார். கார் நிற்கிற மாதிரியில் வலப்பக்கம் மதில். முன்பக்கம் பலாமர இருட்டு. அந்த வெளிச்சம் விழுவது பின்பக்க இடது சில்லில் மட்டும்தான். கக்கத்தில் ரோச். கையில் அந்தப் பழைய, பேனை மாதிரியான கேஜ். வால்வில் வைத்து அமுக்கினார். ஸ்ஸ். வெள்ளைக் குச்சி வெளியே வந்தது. கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார், பல்பைப் பார்த்துத் திருப்பினார். பிறகு குச்சியிலிருக்கிற கோடுகளைப் பெருவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவி, உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினார். பாதியில் எங்கேயோ கணக்குப் பிசகியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டுக் குச்சியை உள்ளே தள்ளி மறுபடி வைத்தார். ஸ்ஸ்.

தும்புத்தடியோடு நின்று நானும் எண்ணினேன். பதினொரு தரம். கை கொஞ்சம் நடுங்குகிறது, நேராக வைக்க வருவதில்லை, ஒவ்வொரு தரமும் வைக்கும்போது ஒரு மூச்சு, எடுக்கும்போது ஒரு மூச்சு. இறங்கியிருக்கிறதே என்ற கவலையில் இன்னும் இரண்டு தரம் கூடப் பார்க்கிறார். பார்க்கப் பார்க்க இறங்குகிறது, இறங்க இறங்கப் பார்க்கிறார். மூன்று கடைக்கும் ஒரு கண்ணூறுக்கும் கொடுத்த காசு என் கண் முன்னால் அந்த வால்வு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் கொப்பியைத் திறந்து எழுதினார். கொஞ்ச நாளாக அதில் எண்கள் பெருத்துக்கொண்டு வருவதை நான் கவனித்திருந்தேன். முன்பு ஒரு கோட்டுக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் கச்சேரி எழுத்து, இப்போது இரண்டு கோட்டை மிதித்துக்கொண்டு நின்றது. ரயர் மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன். குசினி பல்பை ஒரே மாதத்தில் இரண்டு தரம் மாற்றினார், "இப்ப வாற பல்பெல்லாம் வெளிச்சமே காணா" என்று. அதற்கும் நான் பல்பைத்தான் குறை சொன்னேன்.

திரும்பி உள்ளே போய், கதவடியில் நின்று பலமாக இருமிவிட்டு வெளியே வந்தேன்.

"என்ன மாமா, இவ்வளவு வெள்ளன?"

"28தான் மகன். என்ன அநியாயம் பாருங்க."

"ஓம் மாமா. அநியாயம்தான்."

வேலைக்குப் போகிற வழியில் முதலாவது கடைக்குக் காரை விட்டேன். மூன்றுக்கும் 32, பின் இடதுக்கு மட்டும் 36 அடிக்கச் சொன்னேன். நானா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது ஏன் சேர் அதுக்கு மட்டும்? பாரம் ஏத்துறதா?"

"இல்ல நானா. வீட்டுல நாலு செலவாகும்."

ரயர்ச் சுவரில் 44 வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. நாலு கூடினால் ஒன்றும் ஆகாது. அதுவும் அது என்னோடு ரோட்டில் 36ஆக ஓடப்போவது பின்னேரம் வீடு வரும்வரைதான்.

இன்று விடிய மாமா தேத்தண்ணியோடு முன்வாசலுக்கு வந்தார். முகத்தில் திருவிழா. "32! நிக்குது மகன், நல்ல வடிவா நிக்குது. அந்த மூண்டாவது கடைப் பொடியன் கெட்டிக்காரன், பசை பிடிக்க நாள் எடுத்திருக்கு." மாமி குசினிக்குள் இருந்து, தேசிக்காயை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்றார். மனைவி என்னைப் பார்த்து, பத்து நாளில் நீங்கள் ஒருவர்தான் ஒன்றும் செய்யவில்லை என்றாள். தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். எனக்குத்தான் கொஞ்ச நாளாக எழுத்து மங்குகிறது, தனியப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாங்க மாமா என்று கேட்டிருக்கிறேன்.

"அதெல்லாம் ஒண்டும் இருக்காது மகன், பயப்படாதீங்க" என்றார். "நான் வாறன். காத்து மட்டும் விடியப் பார்த்துப்போட்டு வெளிக்கிடுவம்."