ஆழத்தை ஆரடா பார்க்கிறது?

இலங்கையில் 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு தொழின்முன்னிலைப் பாடங்கள் வந்த காலம். எங்களுக்கு மரவேலை வாய்த்தது. திருகோணமலைக் கடற்காற்றில் உளியெல்லாம் ஒரு கிழமையில் துருப்பிடித்துவிடும். பாடம் முடிய, எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்த பிறகுதான் சேர் வீட்டுக்கு விடுவார். கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்து நின்றாலும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது.

ஒரு தவணை முழுக்க ஒரே வேலை: பலாப் பலகையில் பல்லாங்குழி. 14 குழி. வட்டம் கீறத் தகரத்தில் ஓர் அச்சு, பொளிக்க வளைந்த வாயுள்ள நகவுளி. நான் முதலில் முடித்துக்கொண்டு போய் நீட்டினேன். சேர் சட்டைப் பையிலிருந்து அரைவட்டமாக வெட்டிய மட்டையை எடுத்து ஒவ்வொரு குழியிலும் இறக்கினார். மூன்றில் தட்டியது, இரண்டில் ஆடியது. "வட்டம் சரிதான்ரா. ஆழத்தை ஆரடா பார்க்கிறது?"

போன மாரியில் கனடாவில், ஸ்காபரோ வீட்டுக் கராஜில் பேத்திக்காக அதே பலகையை மேப்பிளில் செய்யத் தொடங்கினேன், இம்முறை றூட்டரால், மரத்தைச் சுழன்று குடையும் மின்கருவி அது. அதில் சுழன்று வெட்டும் அலகான பிட் 12 மி.மீ, உருண்டை முனை. அடித்தட்டில் மாட்டும் வழிகாட்டி வளையம் வெளிவிட்டம் 30. வளையம் அச்சின் ஓரத்தில் உரசிப் போக, பிட் 9 மி.மீ உள்ளே தள்ளித்தான் வெட்டும். ஆக 60 மி.மீ குழிக்கு அச்சு வட்டம் 78. 14 வட்டத்தையும் ஒரே எம்.டி.எஃப் (மரநார் அழுத்திய) பலகையில் வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் குழிகளுக்கு இடைவெளி 12 தான், மையத்துக்கு மையம் 72. வட்டங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்! ஒற்றை வட்டம் வெட்டி, இருபக்க ஒட்டுநாடாவில் நகர்த்தி நகர்த்தி ஒட்டினேன். றூட்டரை வலஞ்சுழியாகச் சுற்றி, தடவைக்கு 3 மி.மீ ஆக ஆறு தடவையில் 18 இறக்கினேன். மேப்பிள் தூள் சீனி மாதிரி, பலாவின் மஞ்சளும் இல்லை, வாசமும் இல்லை.

பதினான்கும் முடித்துத் தடவிப் பார்த்தபோது கடைசிக் குழியில் விரல் கூடுதலாக இறங்கியது. அளந்தால் 23. பிட்டைப் பிடித்து வைக்கும் கொலெட்டை நான் இறுக்கியது போதவில்லை. அதிர்வில் பிட் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே நழுவியிருக்கிறது. அச்சு காத்தது வட்டத்தைத்தான்.

சீரியல் பெட்டி மட்டையில் ஓர் அரைவட்டம் வெட்டினேன். பலகை 30 மி.மீ தடிப்பு. மற்றப் பதின்மூன்றையும் 23க்கு இறக்க அடியில் 7 மிஞ்சும், பரவாயில்லை. கொலெட்டை இறுக்கி, ஒவ்வொரு குழிக்கும் மட்டையை விட்டுப் பார்த்துப் பார்த்து முடிக்க இரவு ஒரு மணி.

குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை போட்டோம். அடி மெல்லிசாகிப்போனதால் ஒவ்வொன்றும் விழ டிங் டிங் என்று கேட்கிறது. பேத்திக்கு அதுதான் பிடித்திருக்கிறது.