பேப்பர் படிக்கிறவருக்குக் கண் தெரியாதா?

எங்க மாமாவைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் ஊரில் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு வேலை பார்த்தவர். டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரில் பொடி எழுத்துகூடப் படிப்பார், எழுந்து வரும்போது பக்கத்தில் கிடக்கும் பெஞ்சில் முட்டிக்கொள்வார். குடித்திருக்கிறார் என்றார்கள். வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறார் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் வந்து நின்றவரைக் கண்டுகொள்ளவில்லை என்று மனத்தாங்கலாகி, அந்தக் குடும்பம் இன்றும் சரியாகப் பேசுவதில்லை. எனக்கு இது ஆறவே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. பரம்பரையாக வருகிற விழித்திரை நோய், உலக அளவில் சுமார் 4000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

பால் வெட்டு என்பது விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிற வேலை. முந்தின வெட்டை ஒட்டிப் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்துக்குக் காயம். லைட் விழுகிற இடத்தில் மாமாவின் வெட்டு கடைசி வரை சுத்தமாகவே இருந்தது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போதுதான் கல்லில் இடறுவார், பால் நிறைந்த சிரட்டையைத் தட்டிவிடுவார். "வெட்டுத இடம் நல்லா தெரியுது மக்களே, காலை எங்க வைக்கணும்னுதான் தெரியல்ல" என்பார். அந்த ஒரு வரியிலேயே நோய் முழுக்க இருக்கிறது. நம் விழித்திரையில் சுமார் 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதும் பக்கவாட்டில் இருப்பதைக் கவனிப்பதும் பெரும்பாலும் குச்சி செல்களின் வேலை, ஆர்.பி.யில் முதலில் சாவது அவைதான். எழுத்தைப் படிக்க உதவும் கூம்பு செல்கள் நடுவில் நெருக்கமாக இருக்கின்றன, அவை பல வருஷம் தாங்கும். ஆக முதலில் இருட்டில் பார்வை போகும், அப்புறம் ஓரங்கள் சுருங்கும், கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரியும், சிலருக்கு அதுவும் போய்விடும்.

மாலைக்கண் என்றதும் வீட்டில் முருங்கைக்கீரையும் மீன் எண்ணெய் மாத்திரையுமாகக் கொடுத்தார்கள். விட்டமின் ஏ குறைவால் வருகிற மாலைக்கண் அதில் சரியாகும், இது ஆகாது. கீரை நல்லதுதான், சாப்பிடலாம். ஆனால் டாக்டரைக் கேட்காமல் விட்டமின் ஏ மாத்திரையை அள்ளிப் போடாதீர்கள். அளவு மீறினால் ஈரல் கெடும், கர்ப்பிணிகளுக்கு ஆபத்து.

இனி, எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவும் பாட்டியும் மாமன் மகள், அத்தை மகன் முறையில் கட்டியவர்கள். இருவருக்குமே கண் நன்றாக இருந்தது. ஜீன் என்கிற மரபணு நமக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வருகிறது. ஒவ்வொருவரிடமும் ஒரே ஜீனில் ஒரு பிரதி பழுது, இன்னொன்று சரியாக இருந்ததால் வெளியே தெரியவில்லை. இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால் நோய் வரும், அதற்கு ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 வாய்ப்பு. மாமாவுக்குச் சேர்ந்தது, அம்மாவுக்குச் சேரவில்லை. எல்லாக் குடும்பத்திலும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். சில வகை தாயோ தகப்பனோ ஒருவரிடமிருந்தே வரும், சில வகையில் அம்மா வழியாக வந்து முக்கியமாக ஆண் பிள்ளைகளைப் பாதிக்கும். ஆர்.பி.க்குக் காரணமாக 80-க்கும் மேற்பட்ட ஜீன்கள் தெரிந்திருக்கின்றன. உங்கள் குடும்பத்தில் எந்த வகை என்பதை ரத்தத்தில் செய்கிற ஜீன் பரிசோதனையில் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம்.

மாமா மகனுக்கே என்னைக் கட்டிவைக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. பையனுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லையே என்றார்கள். உண்மைதான், ஆனால் மாமாவிடமிருந்து ஒரு பழுதுப் பிரதி அவனுக்கு நிச்சயம் வந்திருக்கும். என்னிடம் இருக்க 3-ல் 1 வாய்ப்பு. கணக்குப் போட்டால் எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு 12-ல் 1. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனும் அதையே சொன்னான்.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் விஷயம் தனி. போர்டில் எழுத்தெல்லாம் படிக்கிறாரே, குறை ஒன்றும் இல்லை என்று ஒரு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் குறைந்தால், எழுத்து தெளிவாகத் தெரிந்தாலும் அது பார்வையின்மை. 40-லிருந்து 10 வரை குறைபார்வை. பார்வைப் பரப்பை அளக்கிற ஃபீல்டு டெஸ்ட் எடுத்து அந்தத் தாளோடு போங்கள்.

மருந்து? 2017-ல் அமெரிக்காவில் ஒரு ஜீன் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது, ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஜீனில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அப்போது வைத்த விலை 8.5 லட்சம் டாலர். எங்கள் குடும்ப ஜீன் அது இல்லை. ஆனால் ஆர்.பி. உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே வருகிற கண்புரையையும், விழித்திரை நடுவில் வருகிற வீக்கத்தையும் சரி செய்யப் பார்க்கலாம், அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று செக்கப்பை நிறுத்திவிடக் கூடாது. காது மந்தமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து வருகிற வகை ஒன்று இருக்கிறது.

அம்மாவின் தங்கை, என் சித்திக்கும் இப்போது அந்தி சாய்ந்தால் தடுமாற்றம். டெஸ்டுக்கு வரமாட்டேன் என்கிறார், மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். சித்தப்பா வேறு குடும்பம். சித்திக்கு இருப்பதும் மாமாவின் நோயேதான் என்றால், அவர் மகள் பழுதுப் பிரதி ஒன்றைச் சுமப்பாள், அவள் கண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது, சொந்தத்தில் கட்டாவிட்டால் அவள் பிள்ளைகளுக்கு வருகிற வாய்ப்பும் மிகக் குறைவு. இதைத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.