மூன்று சைக்கிள், மூன்று வால்வு

ஜூன் 3

இன்றைக்கும் பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. தொடர்ந்து மூன்றாவது நாள். ராத்திரி கல்லு மாதிரி காற்றடித்து நிறுத்தினால் விடியும்போது சப்பை. நேற்றே டியூபை உருவி, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிப் பார்த்தாயிற்று. ஒரு குமிழி இல்லை. டயரின் உள்பக்கத்தை விரலால் தடவினேன். முள்ளும் இல்லை, கண்ணாடிச் சில்லும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல், கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரிந்த ஓரிடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டு வைத்தேன். ஓட்டையே இல்லாத இடத்தில் ஒட்டு.

ஜூன் 4

படுத்த பிறகுதான் உறைத்தது. டியூபை முக்கியபோதெல்லாம் வால்வைத்தான் கைப்பிடியாகப் பிடித்திருக்கிறேன். டியூப் முழுக்க நனைந்தது. என் கைக்குள் இருந்த அந்த இரண்டு அங்குலம் மட்டும் தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

எழுந்து போய்க் காற்றடித்தேன். வால்வின் வாய் மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, விரலில் எச்சில் தொட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்த எச்சில் படலம் மெதுவாக உப்பியது. கடுகளவு, மிளகளவு, பட்டென்று உடைந்தது. திரும்பவும் உப்ப ஆரம்பித்தது. சோப்புத் தண்ணீரிலும் இதைப் பார்க்கலாம், ஆனால் நடுராத்திரியில் சோப்பைத் தேடுகிறவன் யார்.

ஜூன் 5

வால்வைக் கழற்றினேன். என்னுடையது பழைய ரகம். டன்லப் வால்வு என்பார்கள், உட்ஸ் வால்வு என்றும் பெயர் உண்டு. (ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888இல்.) மேலே இருக்கும் திருகு வளையத்தைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் பித்தளைக் குச்சி கையோடு வந்துவிடும். காற்று மொத்தமும் புஸ்ஸென்று போய்விடும், பரவாயில்லை.

அந்தக் குச்சிக்குள் மேலிருந்து ஒரு துளை இறங்குகிறது. ஆனால் அடிவரை போகாது. நடுவழியில் பக்கவாட்டில் திறந்து நின்றுவிடும். அந்தப் பக்கத் துளையை மூடி ஒரு மெல்லிய ரப்பர் குழாய். அதுதான் வால் டியூப். பம்பிலிருந்து வரும் காற்று ரப்பரை உள்ளிருந்து நெம்பி, இடுக்கு வழியாக டியூபுக்குள் போகும். பம்பை நிறுத்தினால், உள்ளே போன காற்றே ரப்பரை வெளியிலிருந்து அமுக்கித் துளையை அடைத்துவிடும். ஸ்பிரிங் கிடையாது, வேறு எதுவும் கிடையாது. ரப்பரை நெம்பத் தனியாகத் தெம்பு வேண்டும் என்பதால்தான் இந்த வால்வில் காற்றடித்தால் தோள்பட்டை வலிக்கிறது. பம்பின் மீட்டர் காட்டும் அளவும் டயருக்குள் இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பது அதனால்தான்.

என் வால் டியூப், துளை இருந்த இடத்தில் வெடித்து, பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. எத்தனை வருஷத்து ரப்பரோ. புதிதாக ஒரு துண்டை நனைத்து, உருட்டி உருட்டி ஏற்றினேன். பக்கத் துளையைத் தாண்டி மேலே தடித்த பகுதி வரை ஏற வேண்டும். பாதியில் நின்றால் பிரயோசனமில்லை. வழுக்கிக்கொண்டு ஏறட்டும் என்று எண்ணெய் மட்டும் தொடக் கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

ஜூன் 8

அக்கா மகன் தன் கியர் சைக்கிளோடு வந்திருக்கிறான். நேற்று முழுக்க நான் வால் டியூப் புராணம் படித்ததில் அவனுக்கும் பித்துப் பிடித்துவிட்டது.

"மாமா, என் வால்வுல ரப்பர் குழாயே இல்லையே?"

"உன்னோடது கார் வால்வுடா. ஷ்ரேடர். நடுவுல ஊசி தெரியுதா? அதுக்குக் கீழ ஸ்பிரிங் இருக்கு."

நகத்தால் ஊசியை அழுத்தி, சீறலைக் கேட்டுச் சிரித்தான். சின்னப் பிள்ளைகள் ஊர் சைக்கிளில் எல்லாம் காற்றைப் பிடுங்குவது இந்த ருசியில்தான். இந்த வகையில் உள்கூட்டைக் கழற்றவும் இறுக்கவும் பிளவுள்ள சின்னச் சாவி ஒன்று போதும். இலேசாகக் காற்று கசிந்தால் முதலில் அந்தச் சாவியால் ஒரு கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம். மண்துகள் உட்கார்ந்திருந்தால் ஊசியை ஒரு நொடி அழுத்தி விட்டால், போகிற காற்றே அதை ஊதித் தள்ளிவிடும்.

பம்பைக் கழற்றும்போது வந்த 'புஸ்' சத்தத்துக்குப் பையன் பதறினான். அது பெரும்பாலும் பம்புக் குழாயில் நின்ற காற்று, டயர்க் காற்று இல்லை என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. டயரை நாலு தடவை அமுக்கிப் பார்த்த பிறகுதான் அடங்கினான்.

ஜூன் 9

இன்று நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. நண்பர் ஒருவர் விட்டுப்போன பந்தய சைக்கிள் வீட்டில் நிற்கிறது. அதில் பிரெஸ்டா வால்வு, பென்சிலைவிட ஒல்லி. ஷ்ரேடருக்கு ரிம்மில் எட்டரை மில்லிமீட்டர் துளை வேண்டும், இதற்கு ஆறரை போதும். இதிலும் ஸ்பிரிங் இல்லை; உள்ளே இருக்கும் காற்றழுத்தமே மூடி வைக்கிறது, நுனியில் இருக்கும் குட்டி நட்டு பூட்டு.

நான் உள்ளே போய் வருவதற்குள் பையன் அந்த நட்டைத் தளர்த்தாமலே பம்பை மாட்டி அமுக்கியிருக்கிறான். காற்று போகவில்லை என்றதும் இன்னும் பலமாக, கோணலாக. நட்டைத் தாங்கும் கம்பி வளைந்துவிட்டது. அது ஊசி கனம்தான். இரண்டு விரலால் மெல்ல நிமிர்த்தினேன்; ஒடியவில்லை. வளைந்ததை நிமிர்த்த ஒரு தடவைதான் வாய்ப்பு, இரண்டாவது தடவை கையோடு வந்துவிடும். நட்டைத் தளர்த்தி, நுனியை ஒரு தட்டுத் தட்டினால் ஒட்டிக்கிடக்கும் அடைப்பு விடுபடும், அதற்கப்புறம் பம்பு. முடிந்ததும் நட்டை விரலால் திருகினால் போதும். இத்தனையும் அவனை உட்கார வைத்து மூன்று தடவை செய்யச் சொன்னேன். நண்பருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 13

என் சைக்கிளின் காற்று எட்டு நாளாக நிற்கிறது. ஆனால் இன்று துடைக்கும்போது பார்த்தால் முன்சக்கரத்து வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பின்சக்கரக் கவலையில் முன்னால் காற்று குறைந்ததைக் கவனிக்காமலே ஓட்டியிருக்கிறேன். காற்று குறைவாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் நகரும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வு மட்டும் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே விட்டால் வால்வின் அடியில் கிழியும். அங்கே கிழிந்தால் ஒட்டு நிற்காது, டியூபைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

காற்றை முழுக்க விட்டு, டயரைச் சுற்றிலும் பிசைந்து நகர்த்தி, வால்வை ஆரக்கால்களோடு சேர்ந்து நேராக நிற்க வைத்தேன். ரிம்மை ஒட்டி வரும் நட்டை முன்பு ஸ்பேனர் போட்டு இறுக்கி வைத்திருந்தேன், அதுவும் தப்பு. விரலிறுக்கம் போதும்.

வால்வு மூடி இரண்டும் காணோம். பையன் பையில் பார்க்க வேண்டும்.