கதவருகே திரும்பி நின்ற பெரியவர்

மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதை முனைவர் பட்டத்துக்காக ஆராயலாம் என்று முடிவு செய்தபோது, இருதரப்பையும் பேட்டி கண்டால் போதும் என்று நினைத்திருந்தேன். கேள்வித்தாள்கூடத் தயார். நெறியாளர் அதைப் படித்துவிட்டு, "என்ன பேசினோம் என்று அவர்களுக்கு நினைவிருப்பதைச் சொல்வார்கள். பேசியதை நீ கேட்டாயா அம்மா?" என்றார். அன்றைக்கே கேள்வித்தாளை விட்டுவிட்டேன்.

அவர் முதலில் படிக்கச் சொன்னது அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸின் விரிவுரைகளை. 1963-64இல் லாஸ் ஏஞ்சலிஸ் தற்கொலைத் தடுப்பு மையத்தில் தொலைபேசிப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். உதவி கேட்டு வந்த ஓர் அழைப்பில், எடுத்தவர் தன் பெயரைச் சொல்ல, அழைத்தவர் "கேட்கவில்லை" என்கிறார். பெயரை மறுபடி சொல்வதிலேயே அந்த இடம் கடந்துவிடுகிறது. அழைத்தவர் தன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டம் வராமலே போகிறது. 'கேட்கவில்லை' என்பது அங்கே ஒரு வேலை செய்கிறது என்று சாக்ஸ் கண்டார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மருத்துவமனையில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்ய அனுமதி வாங்க எட்டு மாதங்கள் ஆயின. நெறிமுறைக் குழுவைவிடக் கடினமாக இருந்தது மருத்துவமனைத் திண்ணை. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன். "இதை என் மருமகள் கேட்பாளா?" என்று ஒரு பாட்டி கேட்டார். படிவத்தில் நான் எழுதியிருந்த எந்த வரியையும்விட நேரான கேள்வி அது. பெயர், ஊர், உறவு எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் கைநாட்டு வைத்தார். திரைக்குப் பின்னே பரிசோதிக்கும்போது கேமரா கூடாது என்பது மருத்துவர் அம்மாவின் நிபந்தனை. சரியான நிபந்தனை.

பிறகு எழுத்துப்படி, அதாவது பதிவில் கேட்டதை அப்படியே எழுத்தில் இறக்குவது. கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய குறியீட்டு முறையில், இருவர் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சதுர அடைப்பு, இழுத்துச் சொன்னால் முக்காற்புள்ளி, தாழ்ந்த குரலுக்குச் சிறு வட்டம், மௌனத்துக்கு விநாடியின் பத்தில் ஒரு பங்குவரை கணக்கு. என் முதல் ஒரு நிமிடப் பதிவு நான்கு மணி நேரத்தை விழுங்கியது. அதுவும் நெறியாளரிடமிருந்து திரும்பி வந்தது. காதால் கேட்டதைக் கை என்னை அறியாமலே திருத்தி, இலக்கணத் தமிழாக்கி எழுதியிருந்தது. நோயாளி விழுங்கிய எழுத்தையெல்லாம் நான் மீட்டுக் கொடுத்திருந்தேன்! உள்ளபடியே எழுத முயன்றால் வேறு சிக்கல். பேச்சில் 'மரம்' என்பதன் கடைசி மகரம் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. அதற்கு நம் எழுத்தில் இடமில்லை. மேலே ஒரு நெளிகோடு இடுவது என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

என் ஆய்வேட்டின் முதுகெலும்பு அரை நிமிடத்துக்கும் குறைவான ஒரு துண்டு. சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வரும் பெரியவர். மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதியபடியே, "வேறு ஒன்றும் இல்லையே ஐயா?" என்கிறார். 1.2 விநாடி மௌனம். "இல்லை" என்று தாழ்ந்த குரல். "சரி." நாற்காலி நகரும் ஓசை. கதவுவரை போனவர் திரும்பி நின்று, "டாக்டர், பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது" என்கிறார். சர்க்கரை நோயாளிக்கு அது சிறிய செய்தி இல்லை.

முதல் தடவை அந்த மௌனத்தை நான் குறிக்கவே இல்லை. பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கேள்விக்கும் பதிலுக்கும் இடைவெளி சராசரியாக விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவே. அந்தப் பத்தில் தமிழ் இல்லைதான், ஆனாலும் 1.2 விநாடி நீண்ட நேரம். அந்த நேரத்துக்குள் பெரியவர் சொல்லலாமா என்று எடை போட்டு, வேண்டாம் என்று விட்டிருக்கிறார். 'இல்லையே'யில் உள்ள ஏகாரம் 'இல்லை' என்ற விடையைக் கையில் கொடுத்தே கேட்கிறது. ஜான் ஹெரிடேஜும் ஜெஃப்ரி ராபின்சனும் சக ஆய்வாளர்களும் 2007இல் அமெரிக்காவில் இதையே சோதித்திருந்தார்கள். 20 மருத்துவர்கள், 224 நோயாளிகள். 'சம்திங் எல்ஸ்' என்று கேட்டபோது, வழக்கமான சந்திப்புகளோடு ஒப்பிட, சொல்லப்படாமல் போன குறைகள் 78 சதவீதம் குறைந்தன. 'இல்லை' என்ற விடையை நோக்கிச் சாயும் 'எனிதிங் எல்ஸ்' என்று கேட்டபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒரே ஒரு சொல்தான் வேறு.

மருத்துவரிடம் பதிவைப் போட்டுக் காட்டத் தயங்கினேன். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது யாருமே அப்படித்தான் கேட்பார்கள். குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை அல்ல. அவர் மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். சீட்டில் குனிந்திருந்த தன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சுற்றுப் பதிவில் வேறொரு நோயாளி, நடுத்தர வயதுப் பெண். "வேறு என்ன தொந்தரவு அம்மா?" என்று கேட்டுவிட்டு மருத்துவர் பேனாவை மேசையில் வைக்கிறார். 1.6 விநாடி. இருவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண், நாற்காலியை விட்டு எழாமலே, "அப்புறம்..." என்று தொடங்குகிறார்.